ஷி ஸ்டேஷனுக்கு ஆள் வரும்

எங்கள் வீட்டுப் புகைப்படங்களின் பின்பக்கத்தில் கிழமை, மாதம், இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம். இதற்காக வீட்டில் கேலி செய்வார்கள். எந்தக் கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று சண்டை வந்தால் மட்டும் என்னிடம் வந்து நிற்பார்கள்.

ஒரே ஒரு படத்தின் பின்பக்கம் நெடுநாள் வெறுமையாகவே இருந்தது. மாமா வேலை பார்த்த கம்பெனிக்குள் எடுத்த படம் அது. எடுத்தவர் கம்பெனி ஆள். பிரதி கொடுத்தபோது தேதி சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் தடயம் தம்பியின் தலை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் போட்ட மொட்டையில் முடி அரிசி நீளத்துக்கு முளைத்திருப்பது அவன் மாட்டிய வலைத் தொப்பிக்குள் தெரிகிறது. அடுத்தது என் காலில் இருக்கும் பக்கிள் வைத்த கறுப்பு ஷூ. ஐந்தாம் வகுப்பில் வாங்கி, ஐந்தாம் வகுப்பிலேயே ஏரிச் சேற்றில் தொலைத்தது. ஆக, நான் ஐந்தாவது படித்த ஆண்டின் ஆவணிக் கடைசி, தப்பினால் புரட்டாசி முதல் வாரம்.

படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது தேதியை அல்ல. “ஏன் எல்லார் கையும் இப்படி இருக்கு?” என்றுதான் கேட்பார்கள். அப்பா, தம்பி, பின்கட்டில் குடியிருந்த திருநெல்வேலி அண்ணன் என்று எல்லாருடைய வலது கையும், எதையோ சுட்டிக் காட்டிவிட்டுக் கீழே இறங்கும் வழியில் பாதியில் நிற்கிறது. அம்மா கையை முந்தானைக்குள் மறைக்கிறாள். இடது ஓரத்தில் ஒரு நீலத் தொப்பி பாதி மட்டும் தெரிகிறது. அந்தத் தொப்பிக்குப் பிறகு வருகிறேன்.

மாமா அம்மாவின் தம்பி. மண்ணூரில் எங்களோடுதான் இருந்தார். கார்களுக்குள் ஓடும் ஒயர்களை அளந்து, அடுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கட்டாகக் கட்டித் தரும் கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே நகர்ந்து வரும் பலகை ஒன்றில் ஒயர்கள் படுத்திருக்கும். ஒவ்வொருவரும் தன் இடத்தில் நின்று தன் பங்கை மட்டும் செய்து அடுத்தவருக்கு விட வேண்டும். அந்த இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். ஒவ்வொரு வேலையையும் விரலால் சுட்டிக் காட்டி, உரக்கச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். மனம் வேறெங்கோ போனாலும் விரலும் வாயும் சேர்ந்து இழுத்து வந்துவிடும் என்பார் மாமா. இந்தப் பழக்கம் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரை மூடினால்கூட விரலை நீட்டி, “கேஸ் ஆஃப்!” என்று கத்துவார். கொஞ்ச நாளில் அம்மாவும் கத்த ஆரம்பித்தாள்.

ஆடி முடிந்த கையோடு ஒரு மாலை, முதல் ஷிப்டு முடிந்து வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

“க்கா, எங்க லைனுக்கு லீடர் எடுக்கறாங்க. வெளில இருந்து இல்ல, லைன்ல கீற ஆளயே எடுக்கறாங்களாம். ஆனா மேனேஜர் முன்னால நின்னு லைனப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லிக் காட்டணும்.”

அம்மா உடனே கற்பூரம் ஏற்றினாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வடக்குப்பட்டில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண்ணை மாமாவுக்குக் கேட்டு வைத்திருந்தாள். பெண் வீட்டார், “பையன் சும்மா ஆபரேட்டரா, மேல எதாவது போவானா?” என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். லீடர் என்ற ஒரு சொல் போதும், அந்த இழுவை நின்றுவிடும்.

ஆங்கிலத்துக்கு எங்கே போவது? திருப்பெரும்புதூரில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்கும் ஒரே ஜீவன் அந்த வீட்டில் நான்தான். அந்தப் பள்ளியில் டீச்சர்கள்கூட ஆங்கிலத்தில் பேசமாட்டார்கள் என்ற உண்மையை வீட்டில் நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த வாரம்தான் எங்களுக்கு நிகழ்காலம் நடத்தியிருந்தார்கள். ‘ஒர்க்’ என்ற வினைச்சொல்லை ஐ, யூ, ஹி, ஷி, இட், வி, தே என்று ஏழோடும் சேர்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துக் காட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, இதுவரை எந்த இலக்கண ஆசிரியருக்கும் தோன்றியிருக்காத ஒன்றைச் சொன்னார்.

“இது லைனுமா. ஏழு ஸ்டேஷன். பலகைல ‘ஒர்க்’னு ஒரு ஒயர் வருது. ஐ, யூ ரெண்டு ஸ்டேஷன்லயும் சும்மா தள்ளி வுடணும். ஹி, ஷி, இட் மூணுலயும் கடைசில ஒரு சுத்து டேப்பு. அதான் அந்த ‘ஸ்’. அப்பறம் வி, தே ரெண்டுலயும் டேப்பு கெடையாது. கரெக்டா?”

கரெக்ட் என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் மாலையே முன்னறையில் லைன் போடப்பட்டது. கம்பெனிபோலவே விரல் நீட்டிச் சுட்டித்தான் சொல்ல வேண்டும், ‘ஸ்’ வரும் இடத்தில் டேப் சுற்றுவதுபோல மணிக்கட்டால் ஒரு சின்னச் சுற்று. ஐ ஸ்டேஷன் அம்மாவுக்கு. அவள் அரிவாள்மணையை விட்டு எழுந்து வரமாட்டாள் என்பதால் லைன் அவளிடமிருந்து தொடங்கியது. யூ அப்பாவுக்கு. அப்பா ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு ஷிப்டு வேன் ஓட்டினார். மாலையில் கொஞ்ச நேரம் ஓய்வாக இருப்பார். ஹி தம்பிக்கு. அவன் எதைச் சொன்னாலும் உச்சக் குரலில் சொல்லும் வயது. இட் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, அம்மாவிடம் குழம்பு வாங்க வந்திருந்த திருநெல்வேலி அண்ணனைப் பிடித்து உட்கார வைத்தார் மாமா.

“என்னைய அஃறிணைல சேத்துட்டியளே அண்ணே!” என்றார் அவர், குழம்புக் கிண்ணத்தை மடியில் வைத்தபடி.

“ஓசிக் கொழம்பு வாங்கறவங்க உயர்திணையா?” என்றார் அப்பா.

வி எல்லாரும் சேர்ந்து. தே என்று வரும்போது எல்லாரும் வாசல் வழியாக எதிர்வீட்டைச் சுட்ட வேண்டும்.

மிச்சம் இருந்தது ஷி. தம்பிக்கும் திருநெல்வேலி அண்ணனுக்கும் நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார் மாமா. வீட்டில் இருந்தவற்றில் உடையாத நாற்காலி அது. லைனில் வேறு பெண் பிள்ளை இல்லை, அது எனக்குத்தான் என்று ஓடிப்போய் உட்கார்ந்தேன். மாமா என் இரண்டு கைக்கு அடியிலும் கை கொடுத்துத் தூக்கி, நிற்க வைத்தார்.

“நீ குவாலிட்டி. குவாலிட்டி லைன்ல குந்தக் கூடாது, பேசக் கூடாது. நின்னுகினு சரியா தப்பான்னு பாக்கணும்.”

“கொயந்த குந்தினா இன்னாடா? பொண்ணு தான அது?” என்றாள் அம்மா.

“ரூல்க்கா.”

“அப்ப அந்த சேருல யாரு?”

“ஆள் வரும்க்கா. இப்போதிக்கு ஆப்சென்ட். நான் ரிலீவர் பாக்கறேன்.” லைனில் ஆள் வராத இடத்தில் நின்று சமாளிப்பவருக்கு ரிலீவர் என்று பெயர். அப்படியே அந்த வெற்று நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு முறையும் “ஷி ஒர்க்ஸ்” என்பதை மாமாவே சொன்னார். மற்ற எல்லாரும் கத்தினார்கள். அவர் மட்டும் அதை மெதுவாகச் சொல்வார். குரல் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

குவாலிட்டி வேலை கௌரவமானதுதான். சரியாகச் சொன்னவர் கையில் அம்மாவின் பச்சை ஸ்டிக்கர் பொட்டு. தப்பாகச் சொன்னவருக்குச் சிவப்பு. அப்பா முழங்கையில் சிவப்புப் பொட்டோடு வேன் ஓட்டிப்போய், ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடையில் பதில் சொல்ல முடியாமல் திரும்பியதும் நடந்தது. ஆனாலும் எனக்கு அந்த நாற்காலிமீதுதான் கண். தண்ணீர் குடிக்க மாமா உள்ளே போகும்போதெல்லாம் அதில் உட்கார்ந்து பார்ப்பேன். திரும்பி வந்து தூக்கி நிறுத்துவார். அம்மா ஒவ்வொரு முறையும் எனக்காகப் பேசினாள். ஒவ்வொரு முறையும் தோற்றாள்.

இந்த ஏற்பாட்டில் முதல் விபத்து எதிர்வீட்டால் வந்தது. அந்த வீட்டுப் பெரியம்மாவும் பெரியப்பாவும் கம்பெனிகள் வந்தபோது நிலத்தைக் கொடுத்துவிட்டு, மாடி வீடு கட்டி, சும்மா இருந்தார்கள். பெரியப்பா காலையில் டி.வி. முன்னால் சாய்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நான்கைந்து நாள் பார்த்துவிட்டுப் பெரியம்மா படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

“இன்னாமே, டெய்லி பொயுது சாஞ்சா எங்க வூட்ட கைய காட்டி இன்னாமோ கத்திகினு கீறீங்க? சாபம் வுடறீங்களா?”

“ஐயோ அக்கா, அது இங்கிலீஷு. என் தம்பி பரிச்சைக்குப் படிக்குது” என்றாள் அம்மா.

“எங்கள கைகாட்டி இங்கிலீஷ்ல இன்னா?”

விளக்கம் சொல்வது என் கடமை என்று முந்திக்கொண்டேன். “‘அவங்க வேலை செய்யறாங்க’ன்னு அர்த்தம் பெரியம்மா.”

எதிர்வீட்டு டி.வி.யின் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“நக்கலு! நெலத்த குடுத்துட்டு குந்திகினு கீறோம்னு எங்களுக்கே தெரியும். அத்த இங்கிலீஷ்ல வேற சொல்லணுமா?”

அவரைச் சமாதானப்படுத்த அம்மா அன்று வடை சுட வேண்டியதாயிற்று. மாமா தே ஸ்டேஷனை ஏரிக்கு அப்பால் தெரிந்த ஒரு கம்பெனியின் புகைபோக்கிக்கு மாற்றினார். ஆனால் வடை சாப்பிட்ட பெரியம்மா முறையைப் புரிந்துகொண்டுவிட்டார். மறுநாள் நாங்கள் “வி ஒர்க்” என்று முடித்ததும், எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தவர் கையை எங்கள் வீட்டுப் பக்கம் நீட்டி, “தே ஒர்க்!” என்று முழங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நாங்கள்தானே தே? அவர் கைக்குப் பச்சைப் பொட்டு வைக்கத் தெருவைக் கடந்து ஓடினேன்.

“அதெல்லாம் இருக்கட்டும். அந்த செவப்பு சேரு யாருக்கு? சாமிக்கு வெச்ச மாரி தொடச்சி தொடச்சி வெச்சிகினு கீறான்?” என்று கேட்டார் பெரியம்மா. ஆப்சென்ட் என்றேன்.

மாமா மாணவராக எப்படி என்று கேட்டால், என் அன்றைய தீர்ப்பு: மக்கு. நல்ல மனசு, ஆனால் மக்கு. ஒரு நாள் ‘டஸ்’ எங்கே போடுவது என்று சொல்லிக் கொடுப்பேன். அழகாகத் திருப்பிச் சொல்லிப் பச்சைப் பொட்டு வாங்குவார். மறுநாள் ஷிப்டு முடிந்து வந்ததும் அதையே தப்பாகக் கேட்பார்: “ஏம்மா, ‘டஸ் ஷி ஒர்க்ஸ்’னு சொன்னா இன்னா தப்பு?” நேற்று தெரிந்தது இன்று எப்படித் தெரியாமல் போகும் என்று எனக்கு எரிச்சல் வரும். கடைசியில் ஒரு நாள் பொறுமை இழந்து, அவர் பாஷையிலேயே சொன்னேன்:

“இருக்கறது ஒரு சுத்து டேப்புதான் மாமா. அத ‘டஸ்’ஸுக்கு சுத்திட்டீங்கன்னா ‘ஒர்க்’குக்கு மிச்சம் இருக்காது.”

 மாமா அதைத் தனக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், யாரிடமோ அப்படியே போய்ச் சொல்ல வேண்டியவர்போல. அடுத்த நாள் அந்தத் தப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அப்பாவுக்கு இந்த ஆர்வம் புரியவில்லை. அவர் ஒருநாள் கேட்டார்: “நீ பர்மனெண்ட் தான? கெடைச்சா கெடைக்குது, கெடைக்காட்டி போவுது. இன்னாத்துக்கு இப்பிடி உயிர வுடற?”

அப்பாவை மாமாவும் மாமா என்றுதான் கூப்பிடுவார். “இல்ல மாமா. ட்ரெயினியா கீறவங்களுக்குத் தை மாசத்தோட முடிஞ்சிடும். ஊருக்கு அனுப்பிடுவாங்க. லீடரா எடுத்தாதான் வெச்சிப்பாங்க.”

“அவங்களுக்கு முடிஞ்சா உனக்கு இன்னா?”

“சும்மா சொன்னேன்” என்றார் மாமா. எழுந்து போய் நாற்காலியைத் துடைத்தார்.

தேர்வுக்கு முன் கம்பெனியில் குடும்ப நாள் வந்தது. வேலை செய்பவர்களின் வீட்டாரை பஸ்ஸில் அழைத்துப்போய், உள்ளே சுற்றிக் காட்டி, பிரியாணி போட்டு, ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்புவார்கள். பிரியாணி என்றதும் திருநெல்வேலி அண்ணனும் எங்கள் குடும்பமானார். எல்லாருக்கும் தலையில் மாட்ட வலைத் தொப்பி கொடுத்தார்கள். தரையில் இரண்டு மஞ்சள் கோடுகள். அதற்குள்ளேயே நடக்க வேண்டும். தம்பி கோட்டை மிதிக்காமல் நடப்பதிலேயே குறியாக இருந்து யார் யார் மீதோ முட்டினான்.

மாமாவின் லைனை எங்களுக்காக மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பலகைகள் ஊர்ந்து வந்தன. வீட்டில் ஒரு சட்டையை ஒழுங்காக மடிக்காத மாமா, இரண்டு கைகளிலும் ஒயர்களைப் பின்னல் போடுவதுபோல எடுத்து, டேப்பைச் சுற்றி, விரல் நீட்டிச் சொல்லி, தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அவருக்குப் பக்கத்து ஸ்டேஷனில் நீலத் தொப்பி போட்ட ஓர் அக்கா நின்றார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பையன்.

அப்போது மேனேஜர் வந்தார். வெளிநாட்டவர், உயரம் குறைவு, புன்னகை அதிகம். கூட ஒரு அதிகாரி குறிப்பெடுத்தபடி வந்தார். லீடரைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் இவர்தான் என்று மாமா முன்பே சொல்லியிருந்ததால், எங்கள் அணியே விறைத்தது. அவர் அப்பாவுக்கு முன் நின்று, குனிந்து வணங்கி, எங்களுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு தன் மார்பில் கை வைத்து, மிக நிதானமாகத் தொடங்கினார்:

“ஐ ஒர்க்…”

அதற்கு மேல் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அத்தனை மாலைகளாக ‘ஐ ஒர்க்’ காதில் விழுந்த அடுத்த நொடி என்ன செய்ய வேண்டும் என்று பழகியிருந்த அப்பாவின் கை தானாகவே எழுந்தது. மேனேஜரின் மார்புக்கு நேரே விரலை நீட்டி, “யூ ஒர்க்!” என்று முழங்கினார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்தார். அவருடைய வயிற்றைச் சுட்டித் தம்பி, “ஹி ஒர்க்ஸ்!” என்று வீறிட்டான்.

பிறகு ஷி.

நாற்காலி இல்லை. ரிலீவர் இருந்தார், ஆனால் பலகைக்கு அந்தப் பக்கம், இரண்டு கையிலும் ஒயரோடு, வாயைத் திறந்தபடி நின்றார். சத்தம் வரவில்லை. மேனேஜரின் புன்னகை அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி வந்துவிட்டதைப் பார்த்தேன். இங்கே நின்றால் எல்லாம் போயிற்று. வேலை போயிற்று, வடக்குப்பட்டு போயிற்று. இப்படியே விட்டால் அப்பா மேனேஜரைப் பார்த்து “நீ வேலை செய்” என்று அதட்டியதாக ஆகிவிடும். குவாலிட்டி லைனில் பேசக் கூடாது என்ற சட்டத்தை உடைத்து நானே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

“ஷி ஒர்க்ஸ்!”

நீலத் தொப்பி அக்கா. பலகையிலிருந்து நிமிர்ந்து, கையை நேராக நீட்டி, விரலால் என்னைச் சுட்டியபடி நின்றார். எங்கள் வீட்டு முறை அப்படியே. ‘ஸ்’ஸுக்கு நாங்கள் மணிக்கட்டால் போடும் அந்தச் சின்னச் சுற்றுகூட இருந்தது.

அதன் பிறகு எதுவும் நிற்கவில்லை. திருநெல்வேலி அண்ணன் ஓடிக்கொண்டிருந்த லைனைக் காட்டி “இட் ஒர்க்ஸ்!” என்றார். எல்லாரும் “வி ஒர்க்!” என்றோம். அம்மாகூட முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, வரிசையாக நின்றிருந்த அத்தனை பேரையும் சுட்டி “தே ஒர்க்!” என்றாள்.  பிறகு மேனேஜர் கைதட்டினார். தனக்காக ஏற்பாடு செய்த வரவேற்பு என்று நினைத்துவிட்டார். அவரும் ஒருமுறை விரல் நீட்டி முழுவதையும் சொல்லிப் பார்த்து, “குட் லைன், வெரி குட் லைன்” என்றார். அந்த நேரத்தில் எடுத்ததுதான் அந்தப் படம்.

திரும்பும் பஸ்ஸில் மாமாவிடம் கேட்டேன்: “அந்த அக்காவுக்கு எப்படி மாமா நம்ம வீட்டு லைன் தெரியும்?”

“எங்க கம்பெனில எல்லாருக்கும் தெரியும்மா” என்றார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. முன் சீட்டிலிருந்த அம்மா மட்டும் திரும்பினாள். “எல்லாருக்கும் தெரிஞ்சா, அந்தாண்ட நின்ன பையன் இன்னாத்துக்கு திருதிருன்னு முயிச்சான்?”

 பென்னலூர் வந்துவிட்டதா என்று கேட்டார் மாமா. அது இன்னும் வரவில்லை. அவர் இறங்க வேண்டிய இடமும் அதுவல்ல.

ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால் முடிவு தெரிந்தது. மாமா கையில் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அம்மா கேட்கக்கூட இல்லை. நேராகச் சாமி படத்தின் முன் போய் நின்றாள்.

“நில்லுக்கா. எனக்கு இல்ல” என்றார் மாமா.

“அப்ப ஸ்வீட்டு எதுக்குடா?”

“எங்க லைனுக்கு நல்ல லீடர் வந்துகீறாங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பொட்டு, இத்தனை மாலை. அம்மா கத்தப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மாமாவையும், அவருக்குப் பின்னால் இருந்த சிவப்பு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:

“எந்த ஊரு?”

“ராம்நாடு பக்கம். கடலோரம்.”

“வடக்குப்பட்டுக்கு நான் இன்னாடா சொல்றது?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாதான் மைசூர்பாகை மென்றபடி வழி சொன்னார்: “பையனுக்கு லீடர் வேல கெடைக்கலன்னு சொல்லு. பொய்யில்லல்ல?”

வரலாறு எழுதுகிறவள் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். பிற்காலத்தில் செய்தேன். மாமா அன்று சொன்னவற்றை எல்லாம் நினைவிலிருந்து எடுத்து அடுக்கிப் பார்த்ததில், ‘எனக்கு லீடர் வேலை’ என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. லைனுக்கு லீடர் எடுக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். மீதியை நாங்கள் சேர்த்துக்கொண்டோம். அவர் தேர்வுக்குப் பெயரே கொடுக்கவில்லை. பெயர் கொடுத்தவர், தமிழ் வழியில் படித்துவிட்டுப் பென்னலூர் ஹாஸ்டலில் தங்கி, தை மாதம் ஊர் திரும்ப வேண்டியிருந்த பக்கத்து ஸ்டேஷன்காரர். மாலையில் நான் திருத்தியதெல்லாம் மறுநாள் காலை பஸ்ஸில் அவரிடம் போயிற்று. அவருடைய தப்புகள் மாலை பஸ்ஸில் என்னிடம் வந்தன. நான் மக்கு என்று தீர்ப்பெழுதிய மாணவர் ஒரு தபால்காரர் மட்டுமே.

நீலத் தொப்பிக்காரர் இப்போது என் அத்தை. கல்யாணம் ஒருமுறை அவர்கள் ஊர் மாதா கோயிலிலும், ஒருமுறை மண்ணூரிலும் நடந்தது. இரண்டு படங்களின் பின்னாலும் எழுதி வைத்திருக்கிறேன். “ஒங்க டேப்புச் சுத்துதான் என்னையக் காப்பாத்துச்சு” என்பாள் என்னிடம். புதிதாகச் சேரும் பெண்களுக்கு ‘டஸ்’ஸை இன்றும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாளாம். படத்தின் பின்பக்கத்தை அவள் சொன்ன பிறகுதான் நிரப்பினேன். புரட்டாசி முதல் சனிக்கிழமை. என் கணிப்பு சரி.

ஆனால் இவையெல்லாம் பிறகு தெரிந்தவை. மைசூர்பாகு வந்த மறுநாள் மாலை எனக்குத் தெரிந்தது வேறு. வேலை யாருக்கோ போய்விட்டது. இனி லைன் இல்லை, குவாலிட்டி இல்லை. ஆகவே, மீதமிருந்த ஒரே நியாயத்தை எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்து, சிவப்பு நாற்காலியில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமா பார்த்தார், தூக்கி நிறுத்தவில்லை.

அம்மா உள்ளிருந்து ஈரத் துணியோடு வந்தாள். அத்தனை நாளும் அந்த நாற்காலிக்காக என் பக்கம் வாதாடியவள். “எழுந்திரு கண்ணு” என்று என்னை மெதுவாகத் தூக்கி நிறுத்திவிட்டு, கைப்பிடி, முதுகு, கால் என்று நாற்காலி முழுவதையும் துடைத்தாள். துடைத்து, லைனில் அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். தேர்வு முடிந்த பிறகும் இவளுக்கு என்ன ரூல் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அம்மாவும் கம்பெனிப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு, எதிர்வீட்டுப் படியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.